கரை ஒதுங்கிய மெழுகு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் வடமேற்கில் நெஹேலம் என்ற சிறு ஆறு பசிபிக் கடலில் கலக்கிறது. ஆற்றின் கழிமுகத்துக்கும் கடலுக்கும் நடுவே பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல்திட்டு கிடக்கிறது. திட்டின் வடக்கே மன்சனிட்டா என்ற சிற்றூர். அதற்கும் வடக்கே, கடலோரத்திலிருந்து செங்குத்தாக எழும் நீகானி மலை. இந்தக் கரையில் முந்நூறு ஆண்டுகளாக இரண்டு பொருள்கள் ஓயாமல் கிடைத்துவருகின்றன. ஒன்று தேன்மெழுகுக் கட்டி. மற்றொன்று நீல நிறப் பூவேலை செய்த சீனப் பீங்கானின் சில்லுகள். இரண்டுமே அந்த மண்ணுக்கு உரியவை அல்ல.

சரக்கு ஏற்றிய ஒரு கப்பல் இங்கே உடைந்தது என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. அது எந்தக் கப்பல், எந்த ஆண்டு உடைந்தது, சரக்கு ஏன் இவ்வளவு தூரம் இறைந்து கிடக்கிறது என்ற கேள்விகளுக்குத்தான் நெடுங்காலம் விடை இல்லை. கப்பலின் அடிப்பாகம் இன்றுவரை அகப்படவில்லை. ஆனாலும் அதன் பெயரைக் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லும் நிலைக்கு ஆய்வாளர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தவை சிதறிய சரக்கும், அது சிதறிக் கிடந்த இடங்களும்தான்.

கடலடித் தொல்லியல் என்றதும் சுவீடனின் வாசா, இங்கிலாந்தின் மேரி ரோஸ் போன்ற கப்பல்களே நினைவுக்கு வரும். 1628-ல் மூழ்கிய வாசாவை 1961-ல் ஏறக்குறைய முழுதாகவே தூக்கினார்கள். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸின் பாதி உடல் 1982-ல் மேலே வந்தது. அமைதியான நீரும் சேறும் காப்பாற்றிய அரிய கப்பல்கள் அவை. திறந்த கடலின் கரையில், பாறையிலும் மணல்மேட்டிலும் மோதிய கப்பல்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. சில நாட்களிலேயே பேரலைகள் அவற்றைப் பலகை பலகையாகப் பிரித்துவிடும். எஞ்சுவதெல்லாம் கரை நெடுகிலும் கிடக்கும் துண்டுகள். உலகின் பெரும்பாலான கப்பற்சேதங்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆகவே சிதறலைப் படிக்கத் தெரியாத தொல்லியலுக்குக் கடல் வரலாற்றின் பெரும்பகுதி எட்டாமலே போய்விடும்.

நெஹேலத்து மெழுகைப் பற்றிய பழைய எழுத்துப் பதிவுகளில் ஒன்று 1813-ஐச் சேர்ந்தது. கொலம்பியா ஆற்றின் முகத்தில் இருந்த மென்மயிர் வணிகக் கோட்டையில் தங்கியிருந்த அலெக்சாண்டர் ஹென்றி என்ற வணிகர் தம் நாட்குறிப்பில் அதைக் குறித்திருக்கிறார். உள்ளூர்ப் பழங்குடியினர் மணலிலிருந்து எடுத்த மெழுகுக் கட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவருகிறார்கள் என்றும், தெற்கே முன்னொரு காலத்தில் உடைந்த ஸ்பானியக் கப்பலிலிருந்து அது வந்தது என்றும் அவர் எழுதினார். பின்னால் வந்த வெள்ளையர் குடியேறிகள் அதே மெழுகை டன் கணக்கில் தோண்டி எடுத்தார்கள். வீட்டு விளக்குக்கு மெழுகுவர்த்தி செய்துகொண்டார்கள். மிச்சத்தை ஹவாய் வரை அனுப்பி விற்றார்கள். ஒரு தொல்லியல் தளத்தின் பெரும்பகுதி இப்படித்தான் எரிந்து தீர்ந்தது. அக்காலத்தில் அதை யாரும் இழப்பாகக் கருதவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விசித்திரமான வாதம் கிளம்பியது. இவ்வளவு மெழுகு ஒரே கப்பலில் வந்திருக்க முடியாது, இது பூமிக்குள் இயற்கையாக உருவாகும் கனிம மெழுகு என்றார்கள் சிலர். கனிம மெழுகு பெட்ரோலியத்தோடு தொடர்புடையது என்பதால் அந்த எண்ணத்தில் பண ஆசையும் கலந்திருந்தது. 1890-களில் அமெரிக்க நில அளவைத் துறையின் புவியியலாளர் ஜோசப் டில்லர் இதை ஆராய்ந்து, இது தேன்மெழுகுதான், கப்பற்சேதத்திலிருந்து வந்ததுதான் என்ற முடிவுக்கு வந்தார். கட்டிகளுக்குள் தேனீக்களின் உடல்களே பதிந்திருந்தன. சில கட்டிகளின் மேல் எழுத்தும் எண்ணும் சரக்கு முத்திரையாக வெட்டப்பட்டிருந்தன. நிலத்தடியில் ஊறும் கனிமத்துக்கு யாரும் முத்திரை இடுவதில்லை.

அந்த மெழுகு உள்ளூர்த் தேன்கூட்டிலிருந்து வந்திருக்கவும் வழியில்லை. மெழுகு தரும் தேனீ வட அமெரிக்காவின் பூர்வ உயிரினம் அன்று. ஐரோப்பியர்கள் 1622-ல் கிழக்குக் கரையின் வர்ஜீனியாவுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். மேற்குக் கரைக்கு அது வந்துசேர 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஹென்றி நாட்குறிப்பு எழுதிய காலத்தில் ஓரிகனில் ஒரு தேன்கூடு கூட இல்லை. மெழுகில் சிக்கியிருந்த மகரந்தத்தைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது அது பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சுட்டியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் அடை கட்டும் மலைத்தேனீயின் நெருங்கிய உறவினம் அந்தத் தீவுக் காடுகளிலும் வாழ்கிறது.

பிலிப்பைன்ஸ் காட்டு மெழுகு பசிபிக்கின் மறுகரைக்கு ஏன் போயிற்று என்பதற்கு விடை மணிலா கப்பல் வணிகத்தில் இருக்கிறது. 1565 முதல் 1815 வரை இரண்டரை நூற்றாண்டுகள், ஸ்பெயின் தன் இரு குடியேற்றங்களான மணிலாவையும் மெக்சிகோவின் அகபுல்கோவையும் பெரும் பாய்மரக் கப்பல்களால் இணைத்திருந்தது. போகும் கப்பலில் அமெரிக்க வெள்ளி. திரும்பும் கப்பலில் சீனப் பட்டு, பீங்கான், மசாலாப் பொருள்கள், தந்தம், பருத்தித் துணி. அந்தப் பருத்தித் துணியில் ஒரு பகுதி தமிழகக் கரையிலிருந்து போனது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து மணிலாவுக்குத் துணி ஏற்றிச் செல்லும் வணிகம் சுறுசுறுப்பாக நடந்தது. ஆங்கிலேயர்களுக்கு ஸ்பானியத் துறைமுகம் மூடியிருந்ததால் ஆர்மீனிய, ஆசிய வணிகர்களின் பெயரில் அந்தச் சரக்கு போய் இறங்கியது.

மெழுகுக்கு வேறு காரணம் இருந்தது. கத்தோலிக்கத் திருவழிபாட்டுக்குத் தேன்மெழுகு வர்த்திகளே உகந்தவை என்பது அன்றைய வழக்கு. மெக்சிகோவிலும் பெருவிலும் தேவாலயங்கள் பெருகப் பெருக மெழுகின் தேவையும் பெருகியது. ஆகவே மணிலாவிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் சரக்கறைகளில் மெழுகுக் கட்டிகள் அடுக்கடுக்காக ஏறின.

திரும்பும் பயணம் உலகின் மிகக் கொடிய கடல்வழிகளில் ஒன்று. நேர்கிழக்கே ஓட முடியாது. காற்று எதிர்த்து வீசும். 1565-ல் அந்திரேஸ் தே உர்தனேத்தா கண்ட வழிப்படி, ஜப்பானின் பக்கம் வடக்கே ஏறி, மேலைக்காற்றைப் பிடித்துப் பசிபிக்கைக் கடந்து, கலிபோர்னியக் கரையை அணுகி, பிறகு தெற்கே இறங்க வேண்டும். இதற்கு நான்கு மாதம் முதல் ஆறு மாதம் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். நல்ல நீர் தீரும், பல் ஈறு அழுகும் நோய் பரவும், பாய்மரம் முறியும். பாய்மரம் இழந்து, ஆட்கள் சோர்ந்துபோன ஒரு கப்பலைப் புயல் வடகிழக்கே தள்ளினால், அது போய்ச்சேரும் இடம் ஓரிகன் கரை.

இப்படிக் கரையில் உடையும் கப்பலின் சரக்கு தன் போக்கில் சிதறுவதில்லை. அதற்கு ஒழுங்கு உண்டு. தேன்மெழுகு கடல்நீரைவிட இலேசானது. அது மிதந்து, அலையோடு வந்து, கரையில் ஒதுங்கி, மணலில் புதையும். அது மக்காது, உப்பில் கரையாது, குளிர்ந்த கரையில் உருகுவதும் இல்லை. பீங்கானோ நீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமானது. அது விழுந்த இடத்துக்கு அருகிலேயே தங்கும். பெரும் விசை ஏதாவது உருட்டினால்தான் நகரும். உருண்டால் அதன் விளிம்பு மழுங்கும். ஆகவே விளிம்பு கூராக இருக்கும் சில்லு கடலில் அதிகம் அலைக்கழியவில்லை என்று அறியலாம். மரம் முதலில் மிதக்கும், பிறகு நீர் ஊறி மூழ்கும், கடற்புழு அதைத் துளைக்கும். பட்டும் பருத்தியும் முற்றாக அழிந்துபோகும். கோடிக்கணக்கான இழைகளால் நெய்து அனுப்பிய சோழமண்டலத் துணி எந்தக் கப்பலில் போயிருந்தாலும், அதன் சுவடு கரையில் மிஞ்சாது. கரையில் கிடப்பதை மட்டும் பார்த்து இதுதான் சரக்கு என்று முடிவு செய்தால், கப்பலில் ஏறிய மிகப் பெறுமதியான பொருள்கள் கணக்கிலிருந்து விடுபட்டுவிடும்.

இந்த ஒழுங்கை முறையான சிந்தனையாக வளர்த்தவர் பிரிட்டனின் கீத் மக்கல்ராய். 1978-ல் வெளிவந்த நூலில், கப்பற்சேதம் என்பதே ஒரு நிகழ்வுத் தொடர் என்றார் அவர். மிதந்து போனவை, அழிந்து போனவை, மனிதர் எடுத்துச் சென்றவை ஆகியவை முதலில் கழிந்துவிடுகின்றன. எஞ்சியவற்றை அலையும் நீரோட்டமும் கலைத்துவிடுகின்றன. இந்தக் கழிவையும் கலைப்பையும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் புரிந்துகொண்டால், சிதறலிலிருந்து கப்பலை மீட்டெடுக்க முடியும் என்பது அவர் வாதம். ஷெட்லாந்து தீவுகளின் பாறைகளில் 1664-ல் மோதி உடைந்த கென்னமர்லாந்து என்ற டச்சுக் கப்பலின் துண்டுகளை வைத்து அதைச் செய்தும் காட்டினார். நெஹேலத்தில் நடந்தது அதே முறையின் நீட்சி. ஆனால் இங்கே கலைத்துப் போட்டது சாதாரண அலை அன்று.

முதலில் காலத்தை நிறுவ வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தது பீங்கான். சீனப் பீங்கானின் வடிவமும் ஓவியமும் ஏற்றுமதிச் சந்தைக்கேற்ப விரைவாக மாறிக்கொண்டே இருந்தன. ஒரு தட்டின் விளிம்பில் உள்ள கொடியோ, அடியில் உள்ள முத்திரையோ அதைச் சில பத்தாண்டுகளுக்குள் அடக்கிவிடும். நெஹேலத்துச் சில்லுகள் காங்சி பேரரசரின் காலத்தவை, அதாவது 1662-க்கும் 1722-க்கும் இடைப்பட்டவை. அந்த நீண்ட ஆட்சிக்குள்ளும் ஒரு பிளவு உண்டு. 1670-களில் தென்சீனத்தில் வெடித்த கலகத்தில் ஜிங்டெசென் சூளைகள் பெரும் சேதமடைந்தன. 1683 அளவில்தான் அவை மறுபடி முழுவீச்சில் எரியத் தொடங்கின. சில்லுகளின் பாணி அதற்குப் பிந்திய காலத்தைக் காட்டியது, 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியை. மெழுகின் கார்பன் காலக்கணிப்பும் இதற்கு முரணாக இல்லை.

அந்த ஆண்டுகளில் மணிலாவிலிருந்து அகபுல்கோவுக்குப் புறப்பட்டுத் தடயமே இல்லாமல் மறைந்த கப்பல்கள் இரண்டு. 1693-ல் கிளம்பிய சாந்தோ கிறிஸ்தோ தே பூர்கோஸ் ஒன்று. 1705-ல் கிளம்பிய சான் பிரான்சிஸ்கோ சவியேர் மற்றொன்று. இரண்டில் ஒன்றுதான் நெஹேலத்துக் கப்பல்.

நெடுங்காலம் பலரும் 1705-ஐயே சொல்லிவந்தார்கள். மணிலா கப்பல் வணிகத்தைப் பற்றி 1939-ல் புகழ்பெற்ற நூல் ஒன்றை எழுதிய வில்லியம் ஷர்ஸ், 1693-ன் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து எரிந்ததாகக் குறிப்பிட்டிருந்தார். எரிந்துபோன கப்பல் ஓரிகனுக்கு வந்திருக்க முடியாதல்லவா! பின்வந்தவர்கள் அந்த வரியை நம்பி அந்தக் கப்பலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் ஸ்பானிய ஆவணக் காப்பகங்களைத் திரும்பத் தேடியபோது, எரிந்ததற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை என்று தெரிந்தது. அந்தக் கப்பல் வெறுமனே போய்ச்சேரவில்லை; அவ்வளவுதான் ஆவணங்கள் சொன்னவை. ஒரு நல்ல நூலின் ஒற்றை வரி எத்தனை பத்தாண்டு ஆய்வைத் திசைதிருப்ப முடியும் என்பதற்கு இது கவலை தரும் சான்று.

காப்பகம் 1693-ஐத் திரும்ப ஆட்டத்தில் சேர்த்தது. முடிவைத் தந்தது நிலவியல்.

1700 ஜனவரி 26 இரவு, வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய காஸ்கேடியா பிளவில் ஏறக்குறைய 9 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அங்கே அப்போது எழுதிவைப்பார் யாரும் இல்லை. தேதி தெரியவந்த கதையே தனி அருமை உடையது. வாஷிங்டன், ஓரிகன் கரையோரங்களில் தரை திடீரெனத் தாழ்ந்ததையும், அதன்மேல் சுனாமி மணல் படிந்ததையும் புவியியலாளர்கள் கண்டார்கள். உப்புநீர் புகுந்து மடிந்த செந்தேவதாரு மரங்களின் வளையங்களை எண்ணி, அவை 1699-ன் கோடைக்குப் பிறகும் 1700-ன் கோடைக்கு முன்பும் செத்தன என்று காட்டினார்கள். மறுகரையில் ஜப்பானியக் கிராமங்களின் பதிவேடுகளில், நிலம் அதிராமலே வந்த ஒரு பேரலை குறிக்கப்பட்டிருந்தது. அது வந்துசேர்ந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அது ஓரிகன் பக்கத்திலிருந்து புறப்பட்ட நாளையும் ஏறக்குறைய மணியையும் கண்டுபிடித்தார்கள்.

அந்த அலை நெஹேலம் மணல்திட்டின் மேலும் ஏறிப் பாய்ந்தது. இங்கேதான் சிதறலின் வடிவம் பேசுகிறது. மெழுகும் பீங்கானும் கடலைப் பார்த்த மணற்கரையில் மட்டும் கிடக்கவில்லை. திட்டின் மறுபுறம், கழிமுகத்தைப் பார்த்த பக்கத்திலும், சாதாரணப் புயலலை எட்ட முடியாத உயரத்திலும் அவை கிடைத்திருக்கின்றன. மெழுகையாவது பெரிய புயல் ஏற்றிவிட்டது என்று சொல்லிவிடலாம். கனமான பீங்கானை மணற்குன்றுகளுக்கு அப்பால் எது கொண்டுபோகும்? போர்ட்லாந்தின் புவியியலாளர்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து, தரைக்குள் ஊடுருவும் ரேடார் கொண்டு திட்டின் உட்பகுதியை அலசினார்கள். 1700-ல் கரை எங்கே இருந்தது, எங்கே அரித்தது, பிறகு மணல் எப்படி வளர்ந்து மூடியது என்பதை வரைந்தார்கள். கப்பலின் பொருள்கள் அந்த அலையால் வாரி எறியப்பட்ட இடங்களோடு பொருந்தின. அலை வருவதற்கு முன்பே கப்பல் உடைந்து அங்கே கிடந்திருந்தால்தான் இது நடக்கும். 1705-ல் புறப்பட்ட கப்பலின் சரக்கை 1700-ன் சுனாமி வாரியிருக்க முடியாது. மிச்சம் இருப்பது சாந்தோ கிறிஸ்தோ தே பூர்கோஸ்.

2011-ல் வெளிவந்த இந்த ஆய்வின் அழகு, பொருளை விடப் பொருளின் கிடப்பைச் சான்றாக எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. ஒரே பீங்கான் தட்டு அருங்காட்சியகப் பேழையில் இருந்தால் அது காங்சி காலத்துத் தட்டு, அவ்வளவே. அதே தட்டின் உடைந்த சில்லு திட்டின் எந்தப் பக்கம், எந்த உயரத்தில், எந்த மணல் அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால், அது ஒரு கப்பலின் பெயரைச் சொல்லும். 2004-ன் ஆழிப்பேரலையைக் கண்ட தமிழகக் கரைக்கு இது புரியாத செய்தி அல்ல. மாமல்லபுரத்துக்கு அருகில் சாளுவன்குப்பத்தில் அந்த அலை மணலை வாரியதில் வெளிப்பட்ட கல்வெட்டுப் பாறைதான், தொல்லியல் துறை அடுத்த ஆண்டு பழைய முருகன் கோயிலைத் தோண்டிக் காண வழிகாட்டியது. கடல் ஒரே இரவில் புதைக்கவும் செய்யும், வெளிக்கொணரவும் செய்யும்.

சிதறலை இன்னொரு கையும் மாற்றியது. நெஹேலம்-டில்லமூக், கிளாட்சப் என்ற உள்ளூர்ப் பழங்குடி மக்களுக்கு இந்தக் கப்பல் கடல் கொடுத்த பெரும் வரவு. கரையில் ஒதுங்கிய மெழுகை அவர்கள் தலைமுறைகளாக எடுத்துப் பயன்படுத்தினார்கள், பண்டமாற்றுக்குக் கொண்டுபோனார்கள். தெற்கே நெடார்ட்ஸ் விரிகுடாவின் மணல்திட்டில் 1950-களில் பழைய வீட்டுத் தளங்களை அகழ்ந்தபோது, உள்ளே சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. பீங்கானைக் கல்லைப் போலவே செதுக்கி அம்புமுனை செய்திருந்ததும் தெரியவந்தது. ஜிங்டெசென் குயவர் தேநீர் பரிமாறச் செய்த கிண்ணம், பசிபிக்கைக் கடந்து, உடைந்து, வேடர் கையில் கூர்முனையாகியிருக்கிறது. ஆகவே ஒரு சில்லைக் காணும்போது, அதை அங்கே அலை போட்டதா மனிதர் போட்டாரா என்பதையும் ஆய்வாளர் கேட்டாக வேண்டும். வீட்டுத் தளத்தில் கிடைத்ததை அலையின் கணக்கில் சேர்த்தால் வரைபடமே பிழையாகிவிடும்.

அந்த மக்களின் வாய்மொழிக் கதைகள் கப்பலைப் பற்றியும், கரையேறியவர்களைப் பற்றியும் பேசுகின்றன. சிலவற்றில், தப்பியவர்கள் உள்ளூராரோடு சண்டையிட்டு மடிகிறார்கள். சிலவற்றில், அங்கேயே தங்கிக் குடும்பமாகிறார்கள். இந்தக் கதைகளை வெள்ளையர் கேட்ட விதம் வருந்தத்தக்கது. கரையேறியவர்கள் ஒரு பெட்டியைச் சுமந்துபோய் நீகானி மலையில் புதைத்தார்கள் என்ற ஒரு துணுக்கு மட்டும் அவர்கள் காதில் விழுந்தது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மலையடிவாரம் முழுதும் குழிகள் வெட்டப்பட்டன. 1931-ல் குழி சரிந்து இருவர் உயிரிழந்தார்கள். புதையல் தேடுவதற்கு மாநில அரசே உரிமம் வழங்கிய காலமும் இருந்தது. அந்தச் சட்டம் 1999-ல்தான் நீக்கப்பட்டது. தோண்டியவர்கள் யாரும் பொன்னைக் காணவில்லை. மாறாக, அம்மக்களின் குடியிருப்புத் தடங்களும் மண்ணடுக்குகளும் மீட்க முடியாதபடி கலைந்தன. மெழுகு விற்றவர்களும் புதையல் தேடியவர்களும் சேர்ந்து செய்த அழிவு, 1700-ன் சுனாமி கலைத்ததைவிடக் கொடியது. சுனாமியின் கலைப்பை இன்று படிக்க முடிகிறது. இவர்களுடையதைப் படிக்க முடியாது.

2006-ல் தொடங்கிய மெழுகுக் கப்பல் ஆய்வுத் திட்டம் இந்தச் சூழலில்தான் வேலை செய்தது. பெரும் பண உதவி இல்லை, பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்கள் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் செய்த முக்கியமான வேலை, ஊராரின் வீடுகளில் டப்பாக்களிலும் கண்ணாடி ஜாடிகளிலும் இருந்த சில்லுகளைத் தேடிப்போய் அளந்து, படமெடுத்து, எங்கே கிடைத்தது என்று கேட்டு எழுதியது. நடைப்பயிற்சிக்குப் போகும்போது பொறுக்கியவர்கள், தாத்தா காலத்திலிருந்து வைத்திருப்பவர்கள் எனப் பலரின் நினைவு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பீங்கானின் காலத்தை நுட்பமாக நிறுவியது இந்தச் சேகரிப்புகளின் துணையால்தான். எங்கே எடுத்தோம் என்பதை மறந்துபோனவர்களின் சில்லுகளும் உண்டு. அவை காலம் சொல்லும், இடம் சொல்லாது.

மரத்துண்டுகளின் கண்டுபிடிப்பு இந்த வரலாற்றில் அண்மைய அத்தியாயம். மன்சனிட்டாவுக்கு அருகே, கடல் குடைந்த பாறைக்குகைகளில் பெரிய மரத்துண்டுகள் செருகிக் கிடப்பதை உள்ளூர் மீனவர் ஒருவர் கண்டு ஆய்வாளர்களிடம் சொன்னார். தொடக்கத்தில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. அந்தக் கரையில் முந்நூறு ஆண்டு மரம் பிழைத்திருக்குமா? ஆய்வகம் அதை ஆசிய வெப்பமண்டல மரம் என்றது. காலமும் 17-ஆம் நூற்றாண்டு என்றது. குகைகளுக்குக் கடல் நன்றாக வற்றும் சிறிது நேரம்தான் நடந்து போக முடியும். 2022 ஜூனில், அப்படியொரு வற்றத்தின்போது, தொல்லியலாளர்களும் மீட்புக் குழுவினரும் விரைந்து சென்று, ஒரு டஜன் அளவிலான துண்டுகளை வெளியே எடுத்துவந்தார்கள். அவை அஸ்டோரியா நகரின் கொலம்பியா ஆற்றுக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போயின. மணிலா கப்பல்களின் மரப்பகுதிகள் உலகில் மிக அரிதாகவே கிடைத்திருக்கின்றன. அக்கப்பல்களை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பெரும்பாலும் ஏட்டிலிருந்தே அறிந்துவந்த ஆய்வாளர்களுக்கு, பிலிப்பைன்ஸ் தச்சர்களின் கைவேலை நேரடியாகக் கிடைத்தது பெரும் பேறு.

இதே முறை இந்தியப் பெருங்கடலின் மறுகரையிலும் பயன்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் புயலுக்குப் பின் கடல் கரைசேர்க்கும் பொருள்களில் மிங் காலப் பீங்கான் சில்லுகளும், குஜராத்தின் கம்பாத் பகுதியில் தீட்டிய சிவந்த சூதுபவள மணிகளும் உண்டு. கொல்லத்திலும் கொச்சியிலும் மிளகு ஏற்றிக்கொண்டு லிஸ்பனுக்குத் திரும்பும்போது உடைந்த போர்த்துகீசியக் கப்பல்களின் மிச்சம் அவை. 1552-ல் சாவோ ஜோவாவும் 1554-ல் சாவோ பெந்தோவும் அந்தக் கரையில் அருகருகே மாண்டன. கரையில் நெடுந்தூரம் பரவிய சில்லுகளை எந்தக் கப்பலுக்கு உரியவை என்று பிரிக்க, தப்பியவர்களின் பயணக் குறிப்புகள், பீரங்கிகள், பீங்கானின் ஓவியப் பாணி ஆகிய மூன்றையும் அருங்காட்சியக ஆய்வாளர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து கிளம்பி, திருகோணமலையில் நின்று, 1782 ஆகஸ்டில் அதே கரையில் மோதிய குரோவனர் என்ற ஆங்கிலக் கப்பலுக்கும் நீகானி மலையின் கதிதான் நேர்ந்தது. முகலாயரின் மயிலாசனம் அதில் இருந்தது என்ற கட்டுக்கதையை நம்பிச் சுரங்கம் வெட்டக் கம்பெனிகள் கிளம்பின. கப்பலைப் பற்றி இன்று உருப்படியாகத் தெரிந்தவற்றைத் தந்தவை தப்பியவர்களின் வாக்குமூலங்களே.

ஓரிகனில் தேடல் இப்போது கடலுக்குள் நகர்ந்திருக்கிறது. மிதந்தவையும் உருண்டவையும் கரைக்கு வந்துவிட்டன. பீரங்கி, நங்கூரம், சரக்கறையின் அடியில் போட்ட பாரக் கற்கள் போன்றவை நகர்ந்திருக்காது. அவை மன்சனிட்டாவுக்கு எதிரே எங்கோ கிடக்க வேண்டும். காந்தமானி கொண்டு இரும்பைத் தேடுகிறார்கள், ஒலியலைக் கருவியால் தரையை வரைகிறார்கள், நீர் தெளியும் சில நாட்களில் முக்குளிக்கிறார்கள். அந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி அலை ஓங்கியிருப்பதால் வேலை மெதுவாகவே நகர்கிறது. கரையிலும் நிலைமை மாறிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றுமுகத்தில் கட்டிய அலைத்தடுப்புக் கற்சுவர்களும், மணலைப் பிடிக்க நட்ட புல்லும் திட்டை உயர்த்தியும் அகட்டியும் விட்டன. முன்பு கடல் வற்றும்போது கப்பலின் அடிப்பாகம் தெரிந்ததாகப் பழைய குடியேறிகள் சொன்ன இடங்கள் இன்று மணலுக்கடியில் ஆழத்தில் இருக்கலாம்.

பொது நிலத்தில் 75 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுத்துச் செல்வது ஓரிகன் சட்டப்படி குற்றம். குளிர்காலப் புயல்களுக்குப் பிறகு கரையில் புதுச் சில்லுகள் தென்படுவது இன்னும் நிற்கவில்லை. அவற்றைக் காண்பவர்களிடம் ஆய்வாளர்கள் கேட்பது இரண்டே உதவி: கிடந்தபடியே படமெடுங்கள், இடத்தைக் குறித்து அனுப்புங்கள். இவ்வாறு வந்துசேரும் ஒவ்வொரு குறிப்பும் திட்டின் வரைபடத்தில் ஒரு புள்ளியாகிறது. கடலுக்குள் காந்தமானிப் படகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தப் புள்ளிகளின் அடர்த்தியை வைத்தும் முடிவு செய்கிறார்கள்.